பெட்ரோல் மூடிக்குச் சந்தனம்

விடிந்தால் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட காலம் அது. வயிற்றில் என் மகள் குறுக்கே கிடந்தாள். வலி எடுப்பதற்கு முன்பே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் டீச்சராக இருந்த வெள்ளிமலைக்கு அன்று மத்தியானமே பஸ் நின்றுபோனது.

அதற்காகத்தான் கார் வாங்கியதாக என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய நெடுநாள் ஆசை; என் வயிறு ஒரு சாக்கு. என்னைவிட வயதான காரைச் சின்னசேலத்தில் பிடித்து, கழுவித் துடைத்து, பூசை போட்டு, கண்ணாடி, ஸ்டியரிங், பெட்ரோல் மூடி என்று கண்ட இடத்திலெல்லாம் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். கல்யாணத்தன்று எனக்குக்கூட அவ்வளவு பூசவில்லை.

மலையில் ஒரு மேடு ஏறியதும் கார் இருமிக்கொண்டு நின்றது. கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மறுபடியும் நின்றது.

அவர் பிளக்கைத் துடைத்தார். கார்புரேட்டரைத் திறந்து ஊதினார். குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் பெட்ரோலைத் துப்பினார். "இன்னாத்தயோ கலந்துட்டானுங்க" என்று பங்க்காரனைத் திட்டினார். ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பும், அவர் முகம் மலரும், கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றுவிடும். எனக்கு அடிவயிறு இறுகி இறுகி இளகியது. அவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

கடைசியில், பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

எனக்குச் சட்டென்று எண்ணெய் டின் நினைவு வந்தது. ஒரே ஓட்டை போட்டால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும்.

"மூடியக் குடுங்க" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு எறங்குற? ஒக்காரு."

"குடுங்கன்னா!"

மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதை அடைத்துக்கொண்டு சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஊக்கை எடுத்துக் குத்தினேன்.

"பூச போட்டு வச்ச பொட்டு, அழிக்காதம்மே" என்று பதறினார். "நல்லதுக்குத்தான வச்சேன்."

"மூச்ச அடச்சிட்டு நல்லதாம்!" நடுரோட்டில் அப்படிக் கத்துவேன் என்று நானே நினைக்கவில்லை.

பிறகு வண்டி நிற்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னால், மறியலுக்காகப் புளியமரம் ஒன்றை அப்போதே பாதி வெட்டியிருந்தார்கள். கோடாலியோடு ஒருவர் குறுக்கே வந்து கையைக் காட்டினார். அந்த ஆள் காருக்குள் குனிந்து பார்த்த நேரமெல்லாம் நான் என்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே நின்றால் அவ்வளவுதான்.

"புள்ளத்தாச்சிடா, வுடுங்க" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து, "சீக்கிரம் போங்க, மரம் சாயப்போவுது" என்றார்.

கடந்து வந்த சற்று நேரத்தில் பின்னால் மரம் விழுந்தது. என் கணவர் பெருமூச்சு விட்டு, "பாத்தியா, வண்டி நல்ல வண்டி" என்றார்.

அப்போதுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "வலிக்குதுங்க."