இடதுபக்க ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தது பாட்டுக் கேட்பதற்காக அல்ல, படம் பார்ப்பதற்காகவும் அல்ல. என் மனைவியின் வாயை அடைப்பதற்காக.

டி.வி.யில் யாராவது பேசினால் எனக்கு வார்த்தை பிடிபடவில்லை. சத்தம் வருகிறது, சண்டை தெரிகிறது, அழுகை தெரிகிறது. என்ன சொல்லி அழுகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. இப்போது வரும் டி.வி.க்கள் தோசைக்கல் மாதிரி மெலிந்துபோய்விட்டன, அதற்குள் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடம் எங்கே இருக்கிறது என்பது என் கட்சி. டி.வி. நன்றாகத்தான் இருக்கிறது, காதுதான் போய்விட்டது என்பது அவள் கட்சி. "அவன் என்ன சொன்னான்?" என்று நான் கேட்பேன். அவள் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் ஏதோ பேசிவிடுவான். அவன் என்ன சொன்னான் என்று மறுபடி கேட்பேன். ஒரு படம் முடிவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும்.

"திருநெல்வேலிக்குப் போயி ஒரு காது டாக்டரப் பாத்துட்டு வருவமே. அதுல என்ன கொறஞ்சு போயிருவிய?" என்பாள்.

குறைந்துதான் போவேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறி செட் இருக்கிறது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கவே விசைத்தறிதான். அந்தத் தெருவில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டென்றால் அது காதால் வந்தது. எந்தத் தறி இழுக்கிறது, எதில் ஊடு நூல் கொண்டோடுகிற நாடா எகிறப் போகிறது என்று செட்டின் வாசலில் நின்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அடுத்த தெருக்காரர்கள்கூட, "அண்ணாச்சி, ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள், ஏதோ கச்சேரிக்குக் கூப்பிடுகிற மாதிரி. அப்படிப்பட்டவன் காதில் மெஷினை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால்? வெட்கம் என்று சொன்னால் அது பாதி உண்மை. எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சவால் விட்டேன். "நல்ல ஸ்பீக்கரா வாங்கி மாட்டுதேன். ஆள் வச்சு முறப்படி செட் பண்ணுதேன். அதுக்கப்புறமும் வசனம் புரியலன்னா நீ சொல்லுத டாக்டர்ட்ட வாரேன். புரிஞ்சுதுன்னா காதப் பத்தி நீ இனிமே பேச்சே எடுக்கக்கூடாது."

"கோமதி அம்மன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

சாம்பார்க் கையோடு சத்தியம் செய்தேன். அவள் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். ரொம்ப நிம்மதியாக வைத்த மாதிரி இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்பீக்கர்களை மாட்டிச் சரிபார்க்கக் கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்தார். வளைகுடாவில் பல வருஷம் பணக்கார வீடுகளில் இதே வேலை பார்த்தவர். வேலையைவிடப் பேச்சு அதிகம். "அங்கன ஒரு ஷேக் வீட்டு ஹாலுக்குள்ள நம்ம சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டையே தூக்கி வச்சிரலாம் அண்ணாச்சி" என்றபடி எங்கள் ஹாலில் நுழைந்தார். மூலைக்கு மூலை நின்று கையைத் தட்டினார். "எக்கோ அடிக்கி" என்றார். எங்கள் ஹாலில் எக்கோ அடிக்கிறது என்பது எனக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

"அண்ணாச்சி எங்கன உக்காந்து படம் பாப்பிய?"

சோபாவைக் காட்டினேன். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "சோபாவுலயா? அதுல இவுக உக்காந்து நான் பாத்ததே இல்ல" என்றாள் என் மனைவி. உண்மைதான். சோபா விருந்தாளிகளுக்கு. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் நாங்கள் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சோபாவுக்கு அதுதான் உபயோகம்.

பாய்க்கு இது புதிய சிக்கல். ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ஆம்ப் பெட்டியோடு ஒரு குட்டி மைக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு சத்தம் கொடுக்கும். அது நம் காதுக்கு எப்படி வந்து சேருகிறது என்று மைக் கேட்டுச் சொல்லும். அதை வைத்து ஆம்ப் தானாகவே எல்லாவற்றையும் சமன் செய்துகொள்ளும். அதனால் காது எங்கே இருக்குமோ அங்கே மைக் இருக்க வேண்டும். "ஷேக் வீட்டுல எல்லாரும் நாற்காலியிலதான் உக்காருவாவ" என்று முணுமுணுத்துக்கொண்டே, அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு டப்பாவை வைத்து, அதன்மேல் மைக்கை வைத்தார். சுவரில் மாட்டிய ஸ்பீக்கர்களின் முகத்தையெல்லாம் தரையைப் பார்த்துத் திருப்பினார்.

அடுத்து சப் ஊஃபர், அடிச்சத்தத்துக்கென்று தனியாக வரும் பெட்டி. அதை எங்கே வைத்தால் நன்றாக முழங்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறதாம். நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்து ஓடவிட்டு, நாம் அறை முழுக்கத் தவழ வேண்டும். எங்கே தவழும்போது முழக்கம் திருத்தமாகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். தரையில் மைக் இருந்ததால் சப் ஊஃபரைத் தூக்கிச் சோபாவில் வைத்தோம். அந்தச் சோபாவில் அவ்வளவு வசதியாக உட்கார்ந்த முதல் ஆள் அதுதான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழத் தொடங்கினேன்.

பாதி அறையைக் கடந்திருப்பேன், பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் வாங்க வந்து வாசலில் நின்றாள். சோபாவில் ஒரு கறுப்புப் பெட்டி வீற்றிருக்கிறது, அதற்கு முன்னால் நான் நாலு காலில் நிற்கிறேன். "என்ன, எதையும் தொலச்சுட்டாவளா?" என்று என் மனைவியிடம் கேட்டாள்.

"ஆமாக்கா. காதத் தேடுதாவ."

எழுந்து நின்று பதில் சொல்லலாம் என்றால் முட்டி ஒத்துழைக்கவில்லை.

முழக்கம் திருத்தமாகக் கேட்டது சாமி அலமாரிக்கு முன்னால். அங்கே வைக்க அவள் சம்மதிக்கவில்லை. அடுத்த நல்ல இடம் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். அங்கே வைத்துச் சத்தத்தைக் கூட்டியதும் பரண் முழுக்கக் கடகடவென்று ஆடியது. அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பாத்திரங்கள். குடம், அண்டா, இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராத இட்லிச் சட்டி எல்லாம் சேர்ந்து தாளம் போட்டன. அவற்றுக்கு நடுவே பழைய சேலைகளைத் திணித்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். சப் ஊஃபர் முழங்கியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, ஒன்றுவிடாமல் கேட்டது. "எனக்கா காது போச்சு?" என்று அவளைப் பார்த்தேன். அவள் சேலை திணித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து மைக்கை ஓடவிட்டால், வெளிச்சத்தம் அதிகமாக இருக்கிறது, அமைதியான நேரத்தில் முயற்சி செய்யவும் என்று ஆம்ப் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் அமைதியான நேரமா? என் செட்டை நிறுத்தினேன். இடதுபக்கத்துச் செட்டும் வலதுபக்கத்துச் செட்டும் ஓடிக்கொண்டிருந்தன. என் டி.வி.க்காகத் தறியை நிறுத்து என்று யாரிடம் போய்ச் சொல்வது? பாய் போய்விட்டார். கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எல்லோரும் தறியை நிறுத்துவோம், அன்றைக்கு வரச் சொன்னேன். வந்தார். தறி நின்றிருந்தது, ஆனால் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருந்தார்கள். அம்மன் பாட்டு எங்கள் படியின்மேல் இருந்த மைக்குக்குள்ளேயே நேராக இறங்கியது. பாய் பாயசம் குடித்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

எங்கள் ஊரில் தறிச் சத்தமும் இல்லாமல், குழாய்ச் சத்தமும் இல்லாமல் ஒரு பகல் வேண்டுமென்றால் அது கரண்ட் இல்லாத பகலாகத்தான் இருக்க முடியும். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவார்களே, அந்த நாள். ஆனால் கரண்ட் இல்லாமல் ஆம்ப் எப்படி ஓடும்? இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பாய் போனிலேயே சிரித்துவிட்டார். பிறகு, "இன்வெர்ட்டர் இருக்கா அண்ணாச்சி?" என்றார்.

இருந்தது. அந்த நாளும் வந்தது. சப் ஊஃபரையும் சேர்த்துப் போட்டதும் இன்வெர்ட்டர் கீ கீ என்று அழத் தொடங்கியது. அதன் அழுகையையும் மைக் கேட்டுவிடும் என்பதால் பிரிட்ஜ், லைட், பேன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். அது வாயை மூடியது. பிறகு நாங்கள் மூன்று பேரும் வியர்வை வழிய, இருமாமல், அசையாமல், அடுப்படி நிலையோரம் ஒதுங்கி நின்றோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஊய்ய் என்று ஊதி ஓய்ந்தது. அவ்வளவு நேரம் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் சேர்ந்து நின்றது அபூர்வம்.

"மாஷா அல்லாஹ்! எல்லாம் ஓகே" என்றார் பாய்.

ஒரு படத்தைப் போட்டார். நான் என் இடத்தில், தரையில் உட்கார்ந்தேன். கதாநாயகி வாயைத் திறந்தாள். முழக்கம் இருந்தது, பின்னணி இசை இருந்தது, அவள் கண்ணீர்கூடப் பளபளவென்று இருந்தது. என்ன சொன்னாள்? தெரியவில்லை.

"இடதுபக்கம் கம்மியா இருக்கு பாய். அதான் மொத்தமும் ஒருச்சாய்ஞ்சு கேக்கு" என்றேன்.

பாய் இரண்டு ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிச் சர்ர் என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டார். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கு" என்றாள் என் மனைவி. பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அண்ணாச்சி சொன்னாச் சரிதான்" என்று இடதுபக்கத்தைக் கூட்டினார். போதவில்லை. இன்னும் கூட்டினார். இப்போது அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெட்டிதான் மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். பாய் கூட்டியதைக் குறைத்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் இடதுபக்கம்தான் கம்மி. அப்படியானால் வயர் என்றேன். வயரையும் மாற்றினார். பாய் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

கடைசியில் காரணம் எனக்கே புலப்பட்டது. அடுப்படி. இடதுபக்கம்தான் அடுப்படியின் வாசல். அதற்குக் கதவு கிடையாது. சத்தம் முழுக்க அதற்குள் போய்விடுகிறது!

"நான் நிரூபிக்கேன்" என்றேன். "இப்பம் நான் டி.வி.க்கு முதுகக் காட்டித் திரும்பி உக்காருதேன். எப்படி உக்காந்தாலும் அந்த அடுப்படிப் பக்கத்து ஸ்பீக்கர்தான் கம்மியாக் கேக்கும். பாருங்க."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே திரும்பி, சோபாவின் பிளாஸ்டிக் உறைக்கு முகத்தைக் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நியாயமாக இருக்கட்டும் என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். பாய் சத்தத்தை மாற்றி மாற்றி ஓடவிட்டார். ஒன்று கணீரென்று கேட்டது. இன்னொன்று பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன்.

"இந்தா, இதுதான்! நான் அப்பமே சொல்லல?"

கண்ணைத் திறந்து, கை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தேன். என் விரல் அடுப்படிப் பக்கம் காட்டவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், இவ்வளவு நேரமும் நான் ஒரு குறையும் சொல்லாத ஸ்பீக்கரைக் காட்டிக்கொண்டிருந்தது.

கோளாறு பெட்டியில் இருந்தால் பெட்டியோடு இருக்க வேண்டும். அடுப்படியில் இருந்தால் அடுப்படியோடு இருக்க வேண்டும். அது என்னோடு சேர்ந்து திரும்பி உட்கார்ந்திருந்தது. செட்டில் நான் எப்போதும் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. வலதுகைப் பக்கம் வாசல், இடதுகாதை ஒட்டித் தறி. இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கையை மடக்கிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பாய் நல்ல மனுஷன். "வயருல ஏதும் இருக்கும் அண்ணாச்சி. இன்னொரு தடவ மாத்திப் பாப்பமா?" என்றார். நான் என் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய வெற்றியை அவள் விடமாட்டாள், பக்கத்து வீட்டு அக்காவரைக்கும் போகும் என்று நினைத்தேன். அவள், "பாய்க்கு மோர் கொண்டாரேன்" என்று எழுந்து போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பாய் போய், கரண்ட் வந்து, தெருவில் தறிகள் ஓடத் தொடங்கின. சாயங்காலம் செட்டை நிறுத்திவிட்டு வந்து டி.வி. முன்னால் என் இடத்தில் உட்கார்ந்தேன். வலதுபக்கம் பாய் மறந்துவிட்டுப்போன வயர்ச் சுருள் கிடந்ததால் அவள் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மாதிரி நேரத்தில் "ம்" என்று சொல்லிவைப்பது என் வழக்கம். எத்தனையோ விஷயங்களுக்கு அப்படி "ம்" சொல்லியிருக்கிறேன். எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்று அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கும் "ம்" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"கேக்கலட்டி" என்றேன்.

அவள் எழுந்து, வயர்ச் சுருளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வலதுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போவமான்னு கேட்டேன்."

"போவோம்" என்றேன்.