இசைக்குச் சரோஜா எழுதிய பொருள்

ஆறாம் வகுப்பில் சரோஜா எழுதிய விடையைத் தப்பென்று அடித்ததோடு, எல்லோரும் சிரிக்கும்படி உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்புத் தலைவன் என்று ஆசிரியர் என்னிடம்தான் நோட்டுகளைத் திருத்தக் கொடுத்திருந்தார்.

‘இசை என்றால் என்ன?’ என்பது கேள்வி. ‘எங்கப்பா தெருமுனையில் அடிக்கும் லாரி ஹாரன்’ என்று அவள் எழுதியிருந்தாள். எங்கள் சங்ககிரியில் அப்போது ஒவ்வொரு டிரைவரும் தனக்கென ஒரு மெட்டில் ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டதும் அவர் வீட்டில் உலை வைப்பார்கள்.

போன வாரம் ஒரு லாரி அப்படி மெட்டாக ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்தது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். இசைக்கு ஓசை, புகழ், இணக்கம் என்றெல்லாம் பொருள் இருந்தது. அவள் விடையில் எது தப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சரோஜாவின் வீட்டைத் தேடிப் போனேன். “அன்னிக்கு நீங்க எழுதுனது செரிதானுங்க. தப்பு என்னோடது” என்றேன்.

“ஏனுங்க லீடரு, இதச் சொல்லவா இத்தன வருசங் கழிச்சு வந்தீங்க?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “இனிமே ஹாரன் அடிக்காதீங்கன்னு அன்னிக்கே எங்கப்பாகிட்ட அழுதுட்டனுங்க. சாகற மட்டும் அவரு சத்தமில்லாமத்தான் ஊட்டுக்கு வந்தாரு.”

காப்பி கொண்டுவந்து வைத்தார். அது மன்னிப்பா, வெறும் உபசரிப்பா என்று தெரியாமலே குடித்தேன்.