செவ்வாய்க்கிழமை தெரியாத அட்டவணை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. போய் இறங்கினேன். செங்கல் இருக்கிறது, சிமெண்ட் இருக்கிறது, தலைவாசல் நிலை ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறது. தலைமைக் கொத்தனார், மேசன் பாஸ் ராமையா மட்டும் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாஸ், நிலை வைக்கலையா? அட்டவணையில இன்னைக்குத்தானே போட்டிருக்கு?"

"அட்டவணைக்கு என்னாங்க மிஸ் தெரியும்? இன்னைக்கு செவ்வா. செவ்வாயில தலைவாசல் வைப்பாங்களா? பெரிய டீச்சர் கோயில் ஐயர்கிட்ட நேரம் கேட்டு வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலையில."

அந்த அட்டவணையைப் போட்ட அறிவாளி வேறு யாருமில்லை... நான்தான்.

எந்தக் கட்டட வேலை எந்த நாளில் என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. இந்த முறை கொஞ்சம் தலைக்கனத்தோடு இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த வரைபடம் பூட்டுப் போட்ட ஃபைல் இல்லை. யாருடைய புரோகிராமிலும் திறக்கிற பொதுத் தரத்தில் வந்திருந்தது. அதில் ஒவ்வொரு சுவருக்கும், கதவுக்கும், கூரை மரத்துக்கும் தனித்தனி எண். என் அட்டவணையும் அதே எண்ணைத்தான் சொல்லும். மரம் அனுப்புகிற நஸீர் நானாவின் பட்டியலும் அதையேதான் சொல்லும். எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். ஓரிடத்தில் நாள் மாறினால் மற்ற இடத்திலும் மாறிவிடும். ரோட்டைக் கடக்கவே ஐடென்டிட்டி கார்ட் கேட்கிற நாட்டில், ஒரு கதவுக்கு எண் இருந்தால் தப்பா?

அட்டவணையில் ஞாயிறுக்கு லீவு போட்டேன். பௌர்ணமிப் போயாவுக்கும் லீவு போட்டேன். செவ்வாய்? மாத்தளையில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை. கம்பியூட்டரை என்னவென்று திட்டுவது?

தலைமை ஆசிரியை வந்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கவலைப்பட்டார்.

"மூணு நாள் பிந்திருமா மிஸ்? மழை வரப்போகுதே. பழைய ஷெட்டு தகரமெல்லாம் ஓட்டை. மழை வந்தா சின்ன வகுப்புங்கள வீட்டுக்கு அனுப்பிடுறேன். போன வருஷம் பாதிப் பாடம் அப்படித்தான் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. மழைக்கு முன் கூரை ஏற வேண்டும் – அதுதான் விஷயம். மற்றதெல்லாம் என் தலைக்கனம்.

லேப்டாப்பைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்துத் திறந்தேன். தலைவாசலின் எண்ணைத் தேடி, அதன் விவரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: நல்ல நேரம், வெள்ளி காலை. இந்தப் பொதுத் தரத்தில் இது ஒரு சௌகரியம். நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. தலைவாசலுக்காகக் காத்திருப்பது முன்சுவர் மட்டும்தான். முன்பெல்லாம் 'செங்கல் வேலை' என்று ஒரே வரியாகப் போடுவேன். அப்படியென்றால் மொத்த வேலையும் படுத்திருக்கும். இப்போதோ பின்சுவர் தனி எண். அதில் கதவே இல்லை, வெறும் ஜன்னல்.

"பாஸ், பின்சுவர எழுப்ப செவ்வாய் குறுக்க நிக்குமா?"

ராமையா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "அத மொதல்லயே கேட்டிருக்கலாமே மிஸ்!"

கேட்டிருக்கலாம்தான்.

வீடு திரும்புமுன் நஸீர் நானாவின் போன். அவருடைய பட்டியலிலும் நாள் மாறியிருந்தது. கூரை மர லொறி அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் போய் விழுந்திருந்தது.

"என்ன தங்கச்சி, ஜும்மா தொழுகை நேரத்துல லொறிய அனுப்பச் சொல்றீங்க? அந்நேரம் நாங்க பள்ளிவாசல்ல ஈக்கணுமே!"

பாருங்கள், செவ்வாயைத் திருத்தப் போய் வெள்ளியில் மாட்டினேன்! அதையும் எழுதிச் சேர்த்தேன். லொறி காலையிலேயே வருவதென்று முடிவானது.

"ஆமி செக் பொயின்ட்ல மரத்தையெல்லாம் இறக்கி ஏத்தச் சொல்லாம இருக்க துஆ செய்ங்க" என்றார்.

அதற்கு எந்தப் புரோகிராமிலும் இடமில்லை. துஆ செய்தேன். பிள்ளையாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். லொறி ஜும்மாவுக்கு முன்பே வந்து திரும்பியது. அடுத்த சில நாளில் கூரையும் ஏறியது.

ஐயரின் நேரமும் நானாவின் தொழுகையும் பாஸின் செவ்வாயும் ஒரே அட்டவணையில் முட்டாமல் உட்கார்ந்திருக்கின்றன. இந்த நாட்டில் அப்படி எதையாவது பார்த்து எவ்வளவு நாளாகிறது, சொல்லுங்கள்?

நேற்று முதல் மழை. டீச்சரிடமிருந்து போன். இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"இங்க கொட்டுது மிஸ்... நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பல. புதுக் கட்டடத்துக்குள்ள வச்சு கழித்தல் கணக்கு நடத்திக்கிட்டிருக்கேன்!"

கண் கலங்கிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது... சுவர்ப் பூச்சு பாக்கி. அட்டவணைப்படி பிள்ளைகள் உள்ளே போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது!

டீச்சரைத் திருத்த முடியுமா? அட்டவணையைத் திருத்திவிட்டேன்.