பங்காரம்மா எடுத்துப்போன கிளாரினெட்

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சீனிவாசலு கடைசல் லேத் ஓட்டினார். முகூர்த்த நாள் வந்தால் லீவு சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதப் போய்விடுவார். அவருடைய கிளாரினெட் இங்கிலாந்தில் செய்த பழைய கருமரக் குழல். நீலகிரி வெலிங்டனில் இருந்த பட்டாளத்து பேண்டுக்காரர் ஒருவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது சீனிவாசலுவிடம் கொடுத்துவிட்டுப் போனது.

செட்டில் இன்னொரு கிளாரினெட் நஞ்சுண்டன். காந்திபுரத்தில் தையல் கடை வைத்திருந்தார். சீனிவாசலுவைவிடச் சில வயது இளையவர். இருவரும் சேர்ந்து ஊதினால், கண்ணை மூடிக் கேட்பவர்களுக்கு ஒரே குழல்தான் கேட்கும். அதற்காகவே இந்த செட்டை அழைத்தவர்கள் உண்டு.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி மாதம், அந்தியூர்த் திருவிழாவுக்கு செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். வேட்டுச் சத்தத்தில், அங்கே சந்தைக்கு வந்திருந்த குதிரை ஒன்று மிரண்டது. கூட்டம் ஒரு பக்கமாகச் சாய, சீனிவாசலு கிளாரினெட்டோடு கீழே விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். குழலுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மவுத்பீஸின் நுனி உடைந்துவிட்டது. குழலின் தலையில் செருகி, ரீடு என்ற நாணல் பட்டையைக் கட்டி, வாயில் வைத்து ஊதும் கறுப்புத் துண்டு அது. நுனி போனால் எதற்கும் ஆகாது.

டவுனில் ஒரு வாத்தியக் கடையில் புது மவுத்பீஸ் வாங்கினார். வீட்டில் ஊதிப் பார்த்தபோது சத்தம் கணீரென்று வந்தது. ஆவணியில் முதல் கல்யாணத்தில்தான் கோளாறு தெரிந்தது. துளைகளையெல்லாம் மூடி ஊதும் கீழ்ச் சுரங்கள் சரியாகவே நின்றன. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுச் சுரங்களுக்கு வந்தால், சுருதி மேலே மேலே ஏறியது. குழலின் கழுத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தார். நடுவில் சரியானது, அடியில் இறங்கிப்போனது. உள்ளே தள்ளினால் மறுபடி நடுவில் ஏறியது. இரண்டு குழல் ஊதுவது அன்றைக்குப் பந்தலில் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த கல்யாணத்திலும் அப்படியே. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நஞ்சுண்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சீனண்ணா, தப்பா நெனைக்காதீங்க. கம்பெனியில எந்நேரமும் இரும்புச் சத்தமுங்க. எதுக்கும் காத ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டிப்போடலாமுங்களா?"

சீனிவாசலு இலையை மடித்துவிட்டு எழுந்தார். அந்த வார்த்தை தைத்ததற்குக் காரணம், அது அவருடைய மனதிலும் ஏற்கெனவே இருந்ததுதான். அவருடைய லேத்துக்குப் பக்கத்திலேயே பவர் பிரஸ் தடதடத்துக்கொண்டிருக்கும். சமையற்கட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால் சில சமயம் கேட்பதில்லை. ஊதும்போது எங்கோ பிசகுவது அவருக்குத் தெரிந்தது. குழல் பிசகுகிறதா, தான் பிசகுகிறோமா என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் தன் காதை அவரால் நம்ப முடியவில்லை.

ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முழங்கால் வலி என்று சொல்லி அவர் போகவில்லை. கிளாரினெட் பெட்டி பீரோவின் மேலே ஏறியது. சாயங்காலம் காபி குடித்ததும் சற்று நேரம் ஊதுவது அவர் வழக்கம். இப்போது அந்த நேரத்தில் வாசலில் போய் நின்று, போகிற வருகிற டவுன் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி பங்காரம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, முழங்கால் வலிச்சா கொழலு ஊதக்கூடாதுங்களா?"

"காது போயிருச்சு அம்மணி. என்னால செட்டுக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

"டாக்டர் சொன்னாருங்களா?"

"டாக்டர் சொல்லித்தான் தெரியோணுமாக்கும்!"

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பங்காரம்மா பெட்டியை இறக்கி ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு காந்திபுரம் பஸ் ஏறினாள். தையல் கடையில் நஞ்சுண்டன் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"வாங்க அண்ணி! அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. இத ஒருக்கா நீங்க ஊதிப் பாருங்க."

நஞ்சுண்டனுக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் குழலைப் பூட்டி, கல்யாணங்களில் மாலை மாற்றும்போது இருவரும் வழக்கமாக ஊதும் மெட்டை எடுத்தார். பங்காரம்மா தலையைக் குனிந்து கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மெட்டு அவளுடைய வீட்டில் ஒலித்திருக்கிறது. மெட்டு நடுவுக்கு ஏறியபோது அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நில்லுங்க தம்பி. இதேதானுங்க! அவரு ஊதுனாலும் இந்த எடத்துலதான் இப்படிக் கேக்குது."

நஞ்சுண்டன் ஊதுவதை நிறுத்தினார். அவருக்கும் கேட்டிருந்தது. அவசர அவசரமாகத் தன் கிளாரினெட்டை எடுத்து, அந்தப் புது மவுத்பீஸை அதில் மாட்டி ஊதினார். அடியிலிருந்து உச்சி வரை சுருதி சுத்தமாக நின்றது. தன் மவுத்பீஸைப் பழைய குழலில் மாட்டினார். நடுவில் ஏறியது.

"அண்ணி, மவுத்பீஸும் நல்லதுதான், கொழலும் நல்லதுதான்," என்றார். "ரெண்டுக்கும் சோடி சேரல. நான் வேற அண்ணன் காதக் குத்தஞ் சொல்லிப்போட்டேனே!"

கடையைப் பூட்டிவிட்டு அவளோடேயே பீளமேட்டுக்கு வந்தார். சீனிவாசலு வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, அவர் முன்னாலேயே மறுபடி எல்லாவற்றையும் ஊதிக் காட்டினார். சீனிவாசலு எழுந்துபோய், உடைந்த பழைய மவுத்பீஸைத் தேடி எடுத்து வந்தார். புதியதையும் அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். பழையதன் வழி குழலின் அகலத்துக்கே இருந்தது. புதியதன் வழி ஒடுக்கம். குழலோடு சேரும் இடத்தில் ஒரு படி தெரிந்தது.

"நஞ்சுண்டா, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெர்னியர வெச்சு அளக்கறதுதான் என்ற பொழப்பு," என்றார். "இத அளந்து பாக்கோணும்னு தோணல பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு இருவரும் ஆளில்லாத பட்டறைக்குப் போனார்கள். சீனிவாசலு மவுத்பீஸை ஒரு மரக் கட்டைக்குள் பொதிந்து லேத்தில் பிடித்தார். ரீடு உட்காரும் பக்கத்தைத் தொடவே கூடாது. பின்பக்கத்து உருண்டை வழியை மட்டும் அகலப்படுத்த வேண்டும். வேகம் கூடினால் மவுத்பீஸின் எபோனைட் ரப்பர் சூடாகி இளகிவிடும் என்று, மெஷினை மெதுவாக ஓட விட்டார். கறுப்புத் தூள் உதிர்ந்து கந்தக வாடை எழுந்தது. ஒரு சீவல் எடுத்ததும் கழற்றித் துடைத்து நஞ்சுண்டனிடம் கொடுப்பார்; நஞ்சுண்டன் ஊதுவார்; ஏற்றம் சற்றுக் குறைந்திருக்கும்; மறுபடி லேத்துக்குப் போகும். கடைந்ததில் மொத்தச் சுருதியும் கொஞ்சம் இறங்கியது. அதற்குக் கழுத்தை முழுவதும் உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது.

ஒரு கட்டத்தில் நஞ்சுண்டன் கையைக் காட்டினார்.

"போதுமுங்க."

"பழைய அளவுக்கு இன்னும் ஒரு மயிரிழை பாக்கி இருக்குது."

"இருக்கட்டுமுங்க அண்ணா. இன்னும் எடுத்தா நடு எறங்கிப்போயிரும். சொன்னாக் கேளுங்க."

சீனிவாசலு வெர்னியரைப் பார்த்தார். கைப்பிடியில் இருந்த விரல்கள் இன்னொரு சீவலுக்கு அரித்தன. ஊதிப் பார்க்காமல் அளவை மட்டும் நம்புவதா, அல்லது அன்றைக்குப் பந்தியில் தன்னைச் சந்தேகப்பட்ட இந்த மனுஷனின் காதை நம்புவதா? சுவிட்சை அணைத்தார். ரீடைக் கட்டித் தானே ஊதினார். நஞ்சுண்டனும் தன் குழலை எடுத்துச் சேர்ந்துகொண்டார். வார்ப்புகள் அடுக்கியிருந்த அந்தத் தகரக் கொட்டகையில் ஒரே குழல் கேட்டது. மெட்டு முடிந்த பிறகும் சீனிவாசலு மவுத்பீஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

பங்காரம்மா விடவில்லை, டாக்டரிடமும் கூட்டிப்போனாள். இடது காதில் கொஞ்சம் குறைந்திருப்பது உண்மைதான் என்றும், வேலை செய்யும்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். சீனிவாசலுவுக்கு அது முன்போலப் பயமாக இல்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தை மாதம் வெள்ளகோவிலில் ஒரு பெரிய கல்யாணம். செட்டு வரிசையாக நின்றபோது சீனிவாசலு நஞ்சுண்டனின் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் வரச் சொன்னார்.

"வலது கைப்பக்கமா நில்லு. இந்தக் காதுலதான் நீ ஊதறது நல்லாக் கேக்குது."

"ஆகட்டுமுங்க," என்று நஞ்சுண்டன் இடம் மாறி நின்றார். பெண்ணை மணவறைக்குக் கூட்டி வந்தார்கள். இருவரும் குழலை உயர்த்தினார்கள்.