சூலக்குறி போட்ட ஷாப்ட்

மூன்றாம் முறை முறிந்தபோது ஷாப்ட் அடிப்பலகையை உடைத்துக்கொண்டு மேலே வந்தது. கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட இரும்புக் குழாய் அது. ஒரு முனை கழன்று, சுழன்ற வேகத்தில் பிரேக் குழாயை அறுத்து, டிரைவர் அப்புசாமியின் காதோரத்தைக் கிழித்துவிட்டுப் போனது. கல் பாரத்தோடு குவாரிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த லாரி பின்னோக்கி உருண்டது. சரிவேறும் வண்டிக்குப் பின்னால் சக்கரம் உருளாமல் தடுக்கும் அண்டைக்கல்லைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் நடப்பது அங்கே வழக்கம். அன்று நடந்தவன் கண்ணுசாமி. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் குனிந்தான். சக்கரம் கல்லையும் தாண்டியது, அவன் வலது காலையும் தாண்டியது.

சேலம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அப்புசாமி ஓமலூர்க்காரன். யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடிய பஸ்களில் அடுப்புக்குக் கரி கொட்டித் தொழிலுக்குள் வந்தவன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்றினான், மாட்டினான், தப்பாய்ப் போனதை மறுபடி கழற்றினான். இரும்பிடம் இருந்த பொறுமை மனிதர்களிடம் அவனுக்குக் கிடையாது. ஏஜெண்டு ஒருவனின் முன்பல்லை உடைத்ததில் பஸ் வேலை போயிற்று. மனைவி ராமாத்தாளோடு பனமரத்துப்பட்டிக்கு வந்து, செங்கோடக் கவுண்டரின் கல் குவாரியில் லாரி ஓட்டினான்.

அந்த லாரி பட்டாளம் ஏலத்தில் விட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும். முன் சக்கரங்களுக்கு ஒரு ஷாப்ட், பின் சக்கரங்களுக்கு ஒன்று. வாடகையை இழந்த மாட்டு வண்டிக்காரர்களுக்கு அதைக் கண்டாலே வயிறு எரிந்தது. ஆனால் வண்டி நிலையாக ஓடவில்லை. சில வாரம் ஓடும். பிறகு வேகம் எடுத்தால் கால் பலகை நடுங்கும். பிறகு முறியும். முதல் தரம் ஜாயிண்டைப் புதிதாகப் போட்டான். இரண்டாம் தரம் குழாயே முறுக்கிக்கொண்டது. உலைக்களத்தில் கொடுத்து நிமிர்த்தினான். வில் பட்டையை மாற்றினான், மசகு திணித்தான். நடுக்கம் போகவில்லை.

"ஏனுங்க டிரைவரே," என்று வண்டிக்காரன் மணியன் ரோட்டிலிருந்து கூவுவான், "உங்க குதிரைக்கு முதுகெலும்பே தங்கறதில்லீங்களா? எங்க மாட்டைக் கட்டட்டுமா?" இன்னொரு நாள், "அவரேதான் முறிக்கிறாருங்க. நாங்கதான் கள்ளு வாங்கிக் குடுக்கறமே!" என்று சொல்லிச் சிரித்தான். அப்புசாமி ஸ்பேனரால் அவன் தாடையில் ஒன்று வைத்தான். சிரிப்பு நின்றது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. கண்ணுசாமியின் கால் போனதும் அந்தக் கேலியே குற்றச்சாட்டாகிவிட்டது.

கவுண்டர் அப்புசாமியைச் சாட்டையால் அடித்தார். சட்டை கிழிந்த பிறகும் அடித்தார். கண்ணுசாமியின் அண்ணன் பெரியசாமி அரிவாளோடு வந்து நின்றான்.

"இருடா பெரியசாமி," என்றார் கவுண்டர். "இவன் வண்டிய சரி பண்ணட்டும். பாரம் ஏத்தி ஓட்டட்டும். நீ பக்கத்துல உக்காரு. மறுபடி நடுங்குச்சுன்னா இவன் வேணுமின்னே பண்ணறான்னு அர்த்தம். அப்புறம் உம்பாடு." அப்புசாமியின் பக்கம் திரும்பினார். "ஓடிப் போயிரலாம்னு நெனைக்காத. உம்பொண்டாட்டி எங்கூட்டுச் சாளைக் குடிசையிலதான் இருக்கறா."

உடைந்ததை ஒட்டி, பிரேக் குழாயைப் பற்றவைத்த பிறகு, அப்புசாமி முன்பு செய்யாத ஒன்றைச் செய்தான். பின் ஷாப்டை மாட்டாமல் முன் சக்கரங்களை மட்டும் இழுக்கவிட்டு, காலி வண்டியை ஏரிக்கரை ரோட்டில் விரட்டினான். பலகை நடுங்கவில்லை. அப்படியானால் இஞ்சினில் கோளாறு இல்லை, சக்கரத்தில் இல்லை. எல்லாம் அந்த ஒரு குழாயில்தான்.

முன் ஷாப்டையும் கழற்றினான். இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினான். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஜாயிண்டைக் கவ்வும் கவை உண்டு. முன் ஷாப்டின் இரண்டு கவைகளும் பலகையில் படுத்துக் கிடந்தன. பின் ஷாப்டில் ஒரு கவை படுத்திருந்தது. மற்றது தலையைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. ஷாப்ட் நடுவில் இரண்டு துண்டு. பல்லோடு பல் கோத்து ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. எந்தப் பல்லில் கோப்பது என்பதற்கு அவன் ஒவ்வொரு முறையும் பார்த்தது சூலக்குறியை.

வண்டி வந்த அன்று முனியப்பனுக்குக் கிடா வெட்டினார்கள். கழுவுவதற்காகப் பின் ஷாப்டை மட்டும் பிரித்துத் துணியில் வைத்திருந்தார்கள். கவுண்டர் சொன்னபடி கொல்லன் ஒவ்வொரு துண்டிலும் உளியால் ஒரு சூலம் வெட்டினான். துண்டு எப்படிக் கிடந்ததோ, மேலே தெரிந்த இடத்தில் வெட்டினான். பிறகு மாட்டியவர்கள் சூலத்துக்குச் சூலம் நேர் வைத்தார்கள். அப்புசாமியும் அப்படியே வைத்தான். சாமி குறியை யார் சந்தேகப்படுவார்கள்?

மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான். பட்டாளத்துப் பச்சைப் பெயிண்டுக்கு அடியில், வண்டி செய்தவர்கள் வெட்டிய ஓர் அம்புக்குறி தெரிந்தது. மற்ற துண்டில் இன்னொன்று. சூலத்துக்குச் சூலம் நேராக நின்றபோது இரண்டு அம்பும் நான்கு பல் விலகி நின்றன.

"இந்த அம்பும் அம்பும் நேர் நிக்கோணுங்க," என்று கவுண்டரிடம் காட்டினான். "சூலத்தப் பாத்து மாட்டுனதுல கவை ரெண்டும் கோணிக்கிச்சு. ஒண்ணு இழுக்கறப்ப ஒண்ணு தடுக்குதுங்க. அதான் நடுங்குது, அதான் முறியுது."

"முனியப்பன் சூலத்த ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி திருப்பி வைப்பியாடா?"

"வெக்காட்டி மறுபடியும் முறியுங்க."

சாட்டைப் பிடி அவன் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தள்ளி நின்ற பெரியசாமிக்கும் கேட்டது. திருப்பி அடிப்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்புசாமி கவுண்டரைப் பார்க்கவே இல்லை. "மாதையா, அந்த முனையப் புடி," என்று கல்லேற்றும் மாதையனைக் கூப்பிட்டு, வலது கையால் குழாயை உருவி, அம்புக்கு நேர் அம்பு வைத்துச் செருகினான். "முனியப்பன் எம்மேல கோவிச்சா நான் பாத்துக்கறனுங்க," என்றான்.

பாரம் ஏற்றினார்கள். பெரியசாமி பக்கத்தில் ஏறி அரிவாளைக் கால் பலகைமேல் வைத்தான். "இது கிலுகிலுன்னு ஆடுச்சுன்னா எடுத்துருவேன்," என்றான்.

சரிவு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்புசாமி ஒரு கையால் ஸ்டியரிங்கை வளைத்தான். கண்ணுசாமி விழுந்த இடம் வந்தது, போனது. ரோட்டில் வேகம் எடுத்தான். முன்பு நடுங்கும் வேகத்தையும் தாண்டி எடுத்தான். அரிவாள் வைத்த இடத்தில் கிடந்தது. ஏரிக்கரைவரை போய்த் திரும்பி, குவாரி மேட்டில் நின்ற கவுண்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான்.

பெரியசாமி இறங்கவில்லை. "அப்ப எந்தம்பி கால எடுத்தது யாரு அப்பு?"

ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம். கொல்லன் செத்துப் போயிருந்தான். அவன் தலையில் போடலாம்.

"குறி வெட்டச் சொன்னது கவுண்டரு," என்றான் அப்புசாமி. "அத நம்பி மாட்டுனது நானு. ரெண்டு பேருந்தான்."

பெரியசாமி அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு குதித்தான். கவுண்டர் சாட்டையை ஓங்குவதற்குள் முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவதுக்கு அரிவாள் மேலே போனபோது, அப்புசாமி வண்டியைக் கிளப்பும் இரும்புக் கம்பியைப் பெரியசாமியின் முழங்கைமேல் வீசினான். அரிவாள் புழுதியில் விழுந்தது. ஆட்கள் பெரியசாமியைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

கல்லை இறக்க நேரமில்லை. மாதையன் கவுண்டரை முன் சீட்டில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பாரத்தோடு லாரி சேலத்துக்குப் பறந்தது. ரத்தம் சீட்டிலிருந்து கால் பலகையில் சொட்டியது. பாதி வழியில் கவுண்டர் கண்ணைத் திறந்தார். சொட்டிய ரத்தம் பலகையில் குட்டையாகத் தேங்கி, அலையடிக்காமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடலியேடா," என்றார்.

"ஆடாதுங்க," என்று அப்புசாமி இன்னும் அழுத்தி மிதித்தான்.