ஒன்பது பவுண்டு தண்ணீர்

அன்று காலை ஆறு மணியிலிருந்து டெமெட்ரிக் ஆல்ஸ்டனுக்கு ஒரே வேலை, தண்ணீர் குடிப்பது. சமையலறை மேசையில் ஒரு கேலன் கேனை வைத்துக்கொண்டு மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தான். தாகம் ஒன்றும் இல்லை. எட்டரை மணிக்குக் கல்லூரி ஜிம்மில் எடை பார்ப்பார்கள். தராசு இருநூற்று இருபது பவுண்டுக்கு மேல் காட்டியாக வேண்டும். அவனுடைய நிஜ எடை இருநூற்றுப் பதின்மூன்று.

"அஞ்சு பான்கேக், ஆறு முட்டை, அதுக்கு மேல ஒரு கொளத்துத் தண்ணி. மனுஷன் வயிறாடா அது?" என்றாள் அம்மா வெர்லீன். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இன்றைக்காக லீவு போட்டிருந்தாள்.

"பேச வெக்காத மா. வாயத் தொறந்தா வெளிய வந்துடும்."

குடித்தபடியே சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்தே அவன் அப்படித்தான். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில், கெளுத்தி மீன் குளங்களுக்கு நடுவே வளர்ந்தவன். சர்ச்சில்கூட ஒரு பாட்டு முடியும்வரை பெஞ்சில் இருப்புக் கொள்ளாது. அந்த ஊரில் இப்படிப்பட்ட பையன்களை அமெரிக்க ஃபுட்பாலில்தான், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டத்தில், தள்ளிவிடுவார்கள். கல்லூரியில் சேர்ந்தபோது அவன் சேஃப்டி. அதாவது கடைசி வரிசையில் நின்று, தப்பித்து ஓடி வருகிறவனைத் துரத்திப் பிடிக்கிற ஆள். இரண்டாம் வருஷம் அவனுக்கு முன்னே நிற்கிற லைன்பேக்கர்கள் இருவருக்குக் கால் உடைந்தது. கோச் ஹாலிஸ் இவனை முன்னே தள்ளிவிட்டார். எதிரே வருகிற தடியன்களை முட்டி மோதிச் சாய்க்கிற வேலை. இவனுக்கு அது வெல்லமாக இருந்தது. மூன்று வருஷமாக அந்த அணியில் இவனைவிட அதிகம் பேரைச் சாய்த்தவன் கிடையாது.

ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அந்தக் கல்லூரி ஆடுவதை டிவியில் காட்ட மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் டிராஃப்ட் நடக்கும். பெரிய கிளப்புகள் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மார்ச்சில் ஒரு நாள், கிளப்புகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் கல்லூரிக்கு வந்து அளப்பார்கள், எடை போடுவார்கள், குதிக்கச் சொல்வார்கள், நாற்பது கஜம் ஓடச் சொல்வார்கள். நாலு வருஷ ஆட்டம் ஒரு தட்டில், ஐந்து வினாடி ஓட்டம் இன்னொரு தட்டில். எந்தத் தட்டு இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"லைன்பேக்கர்னு எழுதணும்னா இருநூத்து இருபது வேணும்டா. கீழ போனா உன் பேரப் படிக்கக்கூட மாட்டாங்க," என்று ஹாலிஸ் முந்தின வாரமே சொல்லிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி குடி. எல்லாப் பயலும் செய்யறதுதான். நான் சொன்னேன்னு எங்கயும் ஒளறாத," என்றார்.

எட்டரைக்கு ஜட்டியோடு வரிசையில் நின்றார்கள். எதிரே பதின்மூன்று ஸ்கவுட்டுகள், ஆளுக்கொரு கிளப் தொப்பியோடு. மாடு வாங்க வருகிறவன்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விட்டுவிடுவான். இவர்கள் உள்ளங்கை அகலத்தையும் விடாமல் அளந்தார்கள். டெமெட்ரிக் தராசில் ஏறியபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான், ஏதோ அதுவும் எடை கூட்டும் என்பதுபோல.

"இருநூத்து இருபத்திரண்டு!" என்று ஒருவர் கத்தினார். பதின்மூன்று பேனாக்களும் எழுதிக்கொண்டன.

திட்டம் இதுதான். அடுத்து நின்ற இடத்தில் எம்பிக் குதித்தல், பிறகு பாரம் தூக்குதல், பதினொரு மணிக்குத்தான் ஓட்டம். அதற்குள் நாலைந்து தடவை ஒன்றுக்குப் போய்விட்டால் உடம்பு பழையபடி லேசாகிவிடும். ஆனால் எல்லோருடைய செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறின. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இடியும் மழையும் வருகிறதாம். ஒரு மின்னல் வெட்டினால் போதும், மைதானத்தைக் காலி செய்துவிட வேண்டும். கூரை போட்ட மைதானம் வைத்துக்கொள்ள அந்தக் கல்லூரிக்கு வக்கில்லை.

"ஓட்டம் முதல்ல! எல்லாரும் வெளிய வாங்க! அகர வரிசைப்படி!" என்று ஹாலிஸ் கைதட்டினார்.

ஆல்ஸ்டன். பட்டியலில் முதல் பெயர்.

டெமெட்ரிக்குக்கு அடிவயிறு கல்லாக இருந்தது. கழிப்பறை இருபது அடியில்தான். ஆனால் தராசை விட்டு இறங்கினவன் நேரே அங்கே ஓடினால் பதின்மூன்று பேரும் சிரித்துவிடுவார்கள். இந்தத் தண்ணீர் வித்தை அவர்களுக்குத் தெரியாததா? எடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழும். அடக்கிக்கொண்டு நடந்தான். பக்கத்தில் நடந்து வந்தவர் கேரிட்டி என்ற நரைமீசை ஸ்கவுட். வாயில் பல்குச்சி.

"என்ன தம்பி, நெளியிற?"

"பதட்டம் சார்."

"இருக்கும், இருக்கும்," என்றார் கேரிட்டி.

கோட்டில் குனிந்து கையை ஊன்றினான். குனிந்ததே தப்பாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. கிளம்பினான். வயிற்றுக்குள் பாதிக் கேன் இடமும் வலமும் ஆட, தொடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடினால் எப்படி ஓடுவது?

"நாலு ஏழு நாலு," என்றார் ஒருவர். நாலே முக்கால் வினாடிக்கு ஒரு நூல் குறைவு. லைன்பேக்கருக்குக்கூட அது மந்தமான ஓட்டம். பதின்மூன்று பேனாக்களும் அதையும் எழுதிக்கொண்டன.

கேலரியிலிருந்து வெர்லீனின் குரல் மட்டும் வந்தது. "டேய், இந்த ஓட்டம் ஓடினா என் பஸ்ஸைக்கூட நீ புடிக்க மாட்ட!"

அவமானத்தில் காது சுட்டது. இன்னொரு ஓட்டம் பாக்கி இருந்தது. மற்றவர்கள் ஓடி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். இனி யார் பார்த்தால் என்ன என்று கழிப்பறைக்குப் பாய்ந்தான். போகிறது, போகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. வெளியே இடி உருண்டது. "சீக்கிரம், சீக்கிரம்," என்று தன் உடம்பிடமே கெஞ்சினான். ஹாலிஸ் கதவைத் தட்டி, "உன் கால் புடிச்சுகிச்சுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். வாடா!" என்றார்.

இரண்டாம் ஓட்டம் வேறு ஓட்டம். இந்தத் தடவை கால் தரையில் பட்ட மாதிரியே தெரியவில்லை. நாலு ஐந்து ஆறு. ஸ்கவுட்டுகள் ஒருவர் கடிகாரத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். முதல் ஓட்டத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார்கள். இருநூற்று இருபத்திரண்டு பவுண்டு, நாலு ஐந்து ஆறு. எந்த லைன்பேக்கருக்கும் அது நல்ல கணக்கு. அந்த நேரம் மின்னல் வெட்டியது. சைரன் ஊதியதும் எல்லோரும் கார்களுக்கு ஓடினார்கள்.

கேரிட்டி மட்டும் ஓடவில்லை. "வா தம்பி," என்று டெமெட்ரிக்கைக் காலி ஜிம்முக்குக் கூட்டிப் போனார்.

"மொத ஓட்டத்துல கால் புடிச்சுகிச்சாமே?"

"ஆமா சார்."

"முப்பது வருஷமா பாக்கறேன். கால் புடிச்சவன் கக்கூஸுக்கு ஓடி நான் பார்த்ததில்ல. ஏறு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏறினான். இருநூற்றுப் பதினாறு.

ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "இன்னும் மூணு பவுண்டு உள்ள இருக்கு சார்," என்றான்.

பல்குச்சி கீழே விழும்வரை கேரிட்டி சிரித்தார். சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்தார். "இருநூத்துப் பதிமூணு. நாலு அஞ்சு ஆறு. லைன்பேக்கருக்கு எடை பத்தாது, சேஃப்டிக்கு வேகம் பத்தாது. உன்ன மாதிரி ஆளுக்கு எங்க தொழில்ல ஒரு பேரு உண்டு. ரெண்டுங்கெட்டான்."

டெமெட்ரிக்குக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறீங்களா?"

"மத்தவன் தாளத் திருத்தறது என் வேலையில்ல. என் நோட்டுல நிஜம் இருக்கும், அவ்வளவுதான். டிராஃப்ட் முடிஞ்சதும் நான் போன் பண்றேன். சேஃப்டியா வா. மூணு நாள் கேம்ப், ஒப்பந்தம் எல்லாம் கெடையாது, புடிச்சா வெச்சுக்குவோம். ஒண்ணே ஒண்ணு, இந்த ஒடம்போட வரலாம்." தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் தூங்கினானா என்பது சந்தேகம். சாப்பாடு இறங்கவில்லை. பகலில் குளத்துக் கரைகளில் ஓடினான். ஓட வேண்டிய அவசியம் இல்லாதபோதும் ஓடினான். டிராஃப்ட் மூன்று நாளும் டிவி முன்னால் நிற்பதும், வாசலுக்குப் போவதும், வந்து மறுபடி நிற்பதுமாக இருந்தான். "ஒரு எடத்துல நில்லுடா, எனக்குத் தல சுத்துது," என்று வெர்லீன் கத்தினாள். ஏழு சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், எல்லாம் முடிந்த கையோடு, போன் அடித்தது. விட்டுப்போனவர்களில் நல்லவர்களைக் கிளப்புகள் அள்ளுகிற நேரம் அது. வடக்கே ஒரு கிளப்பின் லைன்பேக்கர் கோச் பேசினார், அவசரத்தில் இருந்தார்.

"ஆல்ஸ்டன்? மூணு வருஷ ஒப்பந்தம் தர்றோம். பன்னெண்டு நாள்ல கேம்ப். வந்ததும் மொத வேலை தராசு. இருநூத்து இருபத்திரண்டுதானே நீ?"

வெர்லீன் அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலை குளியலறைத் தராசு காட்டியது இருநூற்றுப் பத்து. அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

"ஆமா சார்," என்றான்.

போனை வைத்ததும் அம்மாவும் பிள்ளையும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். குதித்து முடித்ததும் வெர்லீன் அவனைத் தள்ளி நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தன பவுண்டு கொறயுது?"

"பன்னெண்டு."

"எத்தன நாள் இருக்கு?"

"பன்னெண்டு."

"அப்ப நாளுக்கு ஒண்ணு. உக்காரு."

பொரித்த மீன், சோளக்கூழ், வெண்ணெய் ஒழுகும் சூடான பிஸ்கட் ரொட்டி. முதல் தட்டு சந்தோஷத்தில் போயிற்று. இரண்டாவது தட்டை முழுங்கி முழுங்கி முடித்தான். மூன்றாவது தட்டை அவள் வைத்தபோது போன் மறுபடி அடித்தது. திரையில் கேரிட்டியின் பெயர்.

"யாருடா அது?"

வாய் நிறையக் கூழ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போன் மேசைமேல் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்தது. அவன் அதை எடுக்காமல் மீனைப் பிய்த்தான்.