மீனுக்குக் கண் வைத்த பெட்டி

வெளியே மழை. நான் அந்தமானில், பெரார்கஞ்சில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வெற்றிலைப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மூடியைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்க வேண்டும். இழுத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். மூடி அசைவதாக இல்லை. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

“அரே தம்பி, பாரிஷ்ல, மழையில அது திறக்காது. மரம் தண்ணி குடிச்சிருக்கு. ஜனவரி வரட்டும், தானா திறக்கும்.”

பெட்டியைச் செய்தவரே அவர்தான். அம்மா இறந்த பிறகு, போன வருஷம்தான் அண்ணன் இதை ஊரிலிருந்து எடுத்து வந்தான். மூக்கருகே வைத்தால் வெற்றிலையும் கிராம்பும் மணக்கின்றன. அடியில் லேசாகப் படாக் என்ற தீவு மரத்தின் வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்கு உடனே தும்மல் வரும், பின்னாலேயே என் வாலிபமும் வந்துவிடும்.

நான் இந்தத் தீவுக்கு வேலை தேடி வந்தவன் இல்லை, உளவு பார்க்க வந்தவன். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன், ஹேவ்லாக் தீவில் பிறந்து வளர்ந்த ஒரு வங்காளிப் பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டான். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது இடி. அந்தப் பெண்ணை வீட்டுப் படியேற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய என்னைக் கப்பலேற்றினார். “அந்தப் பிள்ள எப்படின்னு பாத்துட்டு வா. அங்க கை நனைச்சிராத” என்பது உத்தரவு. கப்பலில் வாந்தியெடுத்துக் குடலே காலியாக வந்து இறங்கியவன் முன்னால் அண்ணி கடுகு அரைத்து வைத்த மீன் குழம்பை வைத்தார். உளவாளி அங்கேயே கட்சி மாறினான். ஊருக்கும் திரும்பவில்லை, அண்ணியின் பட்டறையிலேயே உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. கேட்டவர் கேட்டபடி பெட்டி செய்வார் அண்ணி. சிவப்புப் படாக்கில் மெல்லிய உளியால் குழி தோண்டி, அதே வடிவத்தில் வெள்ளை மரத்தையும் கறுப்பு வரி ஓடிய மரத்தையும் அறுத்துப் பதிப்பார். மயில் கேட்பவர்கள் உண்டு, தாமரை கேட்பவர்கள் உண்டு. ஓர் இன்ஜினியர் தன் ஸ்கூட்டரைப் பதித்துத் தரச் சொன்னார். முடித்துக் கொடுத்தபோது, பின்பார்க்கும் கண்ணாடி ஒன்று குறைகிறதே என்று முகம் சுளித்தார். அந்தக் கண்ணாடியை அண்ணி அறுத்துத்தான் வைத்திருந்தார். நான் தும்மியதில் அது பறந்து மரத்தூளில் விழுந்து காணாமல் போயிருந்தது. அதன் பிறகு சின்னத் துண்டுகளுக்குப் பக்கத்தில் எனக்கு இடமில்லை.

அண்ணனுக்கு லீவு கிடைத்தது, மூவரும் ஊருக்குப் போவதென்று முடிவானது. மருமகள் முதல்முறையாக மாமியார் முன் நிற்க வேண்டும். நகை நட்டு எடுத்துப் போக வசதியில்லை. “அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று அண்ணி என்னைக் கேட்டார். வெற்றிலை என்றேன். அம்மாவின் பாக்குவெட்டி எவ்வளவு நீளம் என்று கேட்டபோது கையை விரித்துக் குத்துமதிப்பாகக் காட்டினேன். கொட்டுகிற மழையில், கப்பல் கிளம்புவதற்குள் முடிக்கும் அவசரத்தில் பெட்டி தயாரானது. மூடியில் இரண்டு வெள்ளை மீன்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி. கண்கள் மட்டும் கறுப்பு, மிளகளவு.

தீவை விட்டு அதுவரை வெளியே போகாதவர் அண்ணி. துவைத்த துணி காய இரண்டு நாளாவது ஆகும் என்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்திருந்தார். எங்கள் ஊரில் கொடியில் போட்ட சேலை, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளமாக விறைத்திருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவருக்குத் தன் பெட்டிக்கும் அதே கதிதான் என்று தோன்றவில்லை.

அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார், பேசவில்லை. சோறு போட்டார், பேசவில்லை. பாக்குவெட்டி பெட்டிக்குள் அடங்காமல் மூக்கை நீட்டியதற்கு என்னை மட்டும் திட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் கூடத்தில் இருந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். காய்ந்து சுருங்கிய மரம் ஒரு மீனின் கண்ணை வெளியே தள்ளிவிட்டது. அது உருண்டுபோய் அம்மாவின் காலடியில் நின்றது. கண் தெறித்து விழுந்தால் எங்கள் வீட்டில் அபசகுனம். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. போச்சு, இன்று மாலையே பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

அம்மா கண்ணைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு முதல்முறையாக மருமகளிடம் பேசினார்.

“இத வச்சது நீதானத்தா? நீயே வந்து ஒட்டு.”

பசை இல்லை என்று அண்ணி திணறித் திணறிச் சொன்னதும், அம்மாவே சோற்றை மசித்து எடுத்து வந்தார். இம்புட்டுப் போதுமா என்று அவர் கேட்க, போதும் மா என்று இவர் சொல்ல, இரண்டு தலைகளும் அந்த மிளகளவு கண்ணின் மேல் குனிந்திருந்தன. அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அதன் பிறகு வருஷா வருஷம் அந்தக் கண் விழுந்தது. போன் வரும். “கண்ணு விழுந்துருச்சு. உங்க அண்ணிய வரச் சொல்லு.” அண்ணனையோ என்னையோ வரச் சொன்னதே இல்லை. அண்ணியும் நல்ல மரப்பசை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கப்பலேறுவார், சில நாள் இருந்துவிட்டு வருவார், டப்பா திறக்காமலே திரும்பி வரும். இதற்கெல்லாம் நான் காரணம் யோசித்ததில்லை. யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் உளவு வேலையாவது உருப்பட்டிருக்கும்.

இன்று மூடி திறக்காத கோபத்தில் பெட்டியை விளக்குக்கு நேராகத் திருப்பியபோதுதான் பார்த்தேன். அந்த ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் மெல்லிய கீறல்கள். அம்மா கொண்டை ஊசியால் நெம்பிய கீறல்கள். பாதிச் சிரிப்போடு அண்ணியிடம் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“ரெண்டாவது வருஷமே பாத்தேன் தம்பி.”

“அப்ப நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கலாமே?”

“ஒட்டிட்டா அம்மா என்னைக் கூப்பிட மாட்டாங்கள்ல. நான் சோறுதான் வெச்சேன், அதுவும் கம்மியா.”

இரண்டு பேருமாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தபடி தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கண்ணின் ஓரத்தில் வைத்து நெம்பிப் பார்த்தார். மழையில் ஊறிய மரம் கண்ணை இறுகப் பிடித்திருந்தது. ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

“இருக்கட்டும்” என்றார். “இப்ப விழுந்தா யாரு என்னை வரச் சொல்லப் போறாங்க?”